‘வருமா’வும் ‘வந்திருக்குமா’வும்: பால்வினை நோய்ப் பரிசோதனை குறித்த பரப்புரை மொழி

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் ஆரம்பாக்கத்தைக் கடந்ததும் பெயர்ப்பலகைகளின் எழுத்து மாறிவிடுகிறது. தடா, சூளூர்ப்பேட்டை ஆகிய ஊர்களைத் தாண்டி, சென்னைக்கு ஏறத்தாழ 110 கி.மீ. தொலைவில் இருப்பது நாயுடுபேட்டை. காளத்தி வழியாகத் திருப்பதி செல்லும் சாலை இங்குதான் பிரிகிறது. 2022 ஏப்ரல் வரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் இன்று திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. தமிழ் ஓட்டுநரும் தெலுங்கு ஓட்டுநரும் ஒரே கடையில் தேநீர் அருந்தி, ஒருவர் மொழியை மற்றவர் அரைகுறையாகவேனும் பேசிக் கடந்து செல்லும் ஊர் இது. எய்ட்ஸ் தடுப்புப் பணியாளர்கள் நெடுஞ்சாலைகளையும் லாரி ஓட்டுநர்களையும் தம் களமாகக் கொண்ட ஆண்டுகளில், இத்தகைய ஊர்களின் வழியே சென்றவர் ஒரே செய்தியை இரு மொழிகளில் சந்தித்தார். எல்லைக்குத் தெற்கே தமிழில், வடக்கே தெலுங்கில். அச்செய்தி இரு மொழிகளிலும் ஒன்றாகவே இருந்ததா என்னும் வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

பால்வினை நோய் குறித்த பரப்புரை மூன்று செயல்களை மக்களிடம் எதிர்பார்க்கிறது. தன் செயலுக்குத் தான் பொறுப்பேற்றல், பரிசோதனை செய்துகொள்ளல், முடிவை உரியவரிடம் சொல்லுதல் என்பன அவை. மூன்றுமே மொழிவழி நிகழ்பவை. மூன்றாவது முழுக்க முழுக்க மொழிச் செயலேயாகும். ஆயினும் இப்பரப்புரையின் மொழியை மருத்துவர்களும் விளம்பரத் துறையினரும் ஆராய்ந்த அளவுக்கு மொழியியலாளரும் மொழிபெயர்ப்பாளரும் ஆராயவில்லை. சொல்லை மட்டும் பெயர்த்து, தொடரமைப்பைக் கவனிக்காது விட்டதால் என்ன நேர்ந்தது என்பதைச் சில எடுத்துக்காட்டுகளின் வழியே காண்போம்.

புலியும் புள்ளியும்

2002ஆம் ஆண்டின் இறுதியில் மும்பை நகரின் விளம்பரப் பலகைகளில் பல்பீர் பாஷா என்னும் கற்பனை மனிதரின் பெயர் தோன்றியது. ‘பல்பீர் பாஷா கோ எய்ட்ஸ் ஹோகா க்யா?’ என்பது வினா. இதே வார்ப்பில் ஆந்திரத்தில் ‘புலிராஜாகி எய்ட்ஸ் வஸ்துந்தா?’ என்றும், தமிழகத்தில் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்றும் வினாக்கள் எழுந்தன. தமிழகத்தில் இவ்வினா பெற்ற புகழைச் சொல்ல வேண்டியதில்லை. திரைப்பட நகைச்சுவையிலும் கல்லூரி மாணவர் கேலியிலும் புள்ளிராஜா பல ஆண்டுகள் உயிருடன் இருந்தார். பரப்புரை நின்ற பின்னும் ஒரு தொடர் மக்கள் நாவில் நிலைத்தது என்றால், அதை எழுதியவர் மொழியின் நாடியைப் பிடித்தவர் என்றே கூற வேண்டும். இந்த அளவில் அது வெற்றியே.

பெயர் மாற்றம் முதலில் கவனத்திற்குரியது. தெலுங்கில் ‘புலி’ தமிழிலும் புலியே. எல்லைப்புற வாசகர் ‘புலிராஜா’வை மொழிபெயர்ப்பின்றியே புரிந்துகொள்வார், ஆண்மையும் அச்சமின்மையும் அப்பெயரில் ஒலிக்கின்றன. தமிழ் ஆக்கத்தில் அது ‘புள்ளி’ ஆயிற்று. ‘பெரும்புள்ளி’, ‘முக்கியப் புள்ளி’ எனும் வழக்குகளால் ‘புள்ளி’ என்பது ஊரில் செல்வாக்குள்ள, சற்றே ஐயத்திற்கிடமான ஆளைச் சுட்டும். தெலுங்குப் பெயர் வாசகனின் தற்பெருமையைத் தொடுகிறது. தமிழ்ப் பெயர் அவனது வம்பு பேசும் ஆவலைத் தொடுகிறது. புலியாகத் தன்னை எண்ணிக்கொள்ளும் ஓட்டுநர் உண்டு. ‘புள்ளி’யாகத் தன்னை எண்ணிக்கொள்பவர் அரிது, புள்ளி என்பவன் எப்போதும் மற்றொருவனே. ஆகவே தமிழ் வினா தொடக்கத்திலேயே படர்க்கையில் நிலைத்துவிட்டது. சிரித்தவர் அனைவரும் மற்றொருவனைப் பற்றியே சிரித்தனர்.

இதனினும் ஆழமான சிக்கல் வினாவின் தொடரமைப்பில் உள்ளது. மூன்று மொழிகளிலும் மனிதர் நான்காம் வேற்றுமை பெற்று நிற்க, நோய் எழுவாயாகிறது. இந்தியில் நோய் ‘ஆகிறது’. தமிழிலும் தெலுங்கிலும் நோய் ‘வருகிறது’. இது பரப்புரையாளர் படைத்த அமைப்பு அன்று. பசி, தூக்கம், கோபம், காய்ச்சல் ஆகிய யாவும் தமிழில் நமக்கு ‘வருவன’வே. எப்பொருளையும் ஏற்றுக்கொள்வதே நான்காம் வேற்றுமையின் இயல்பு என்று தொல்காப்பியர் வகுத்தது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ‘புள்ளிராஜாவுக்கு வருமா’ என்னும்போது புள்ளிராஜா ஏற்பவர் மட்டுமே. அவர் எதையும் செய்யவில்லை. மழை வருவது போல் நோய் வருகிறது. மழைக்கு யார் பொறுப்பேற்பார்?

அவ்வாறாயின் செயப்பாட்டுத் தன்மையற்ற, மனிதரை வினைமுதலாகக் கொண்ட தொடர் தமிழில் இல்லையா எனின், உண்டு. ‘நோயை வாங்கிவந்தான்’, ‘தேடிக்கொண்டான்’, ‘பெண்டாட்டிக்கும் ஒட்டவைத்துவிட்டான்’ என்பன அன்றாட வழக்கில் உள்ளவையே. ஆனால் இவை ஒவ்வொன்றும் குற்றச்சாட்டு. தன்மையில் இவற்றைச் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு புலனாகும். ‘எனக்கு நோய் வந்தது’ என்று ஒருவர் இயல்பாகச் சொல்வார். ‘நான் நோயை வாங்கிவந்தேன்’ என்பதைத் தன்னிரக்கத்தின் உச்சத்தில் அன்றிச் சொல்லார். நான்காம் வேற்றுமை தரும் குற்றமின்மைக்கும் இரண்டாம் வேற்றுமை தரும் பழிக்கும் இடையே, பழியில்லாத பொறுப்பைச் சொல்வதற்கு நோய்ப்பெயரை ஒட்டிய வினைகள் எவையும் பெரிதும் உதவவில்லை என்பதே நிலை. பரப்புரைத் தமிழ் பல ஆண்டுகளாக இவ்விரு கரைகளுக்கிடையே அலைந்தது. முதலில் பழித்தது, பின்னர் ஆறுதல் கூறியது.

காலமும் கருதத்தக்கது. ‘வருமா’ எதிர்காலம். எதிர்கால வினாவுக்கு விடை ஊகமே. சோதிடர் கூறுவது போன்றது. பரிசோதனையோ இறந்தகாலத்தைப் பற்றியது. உடலில் முன்பே நேர்ந்து, இன்னும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தேடுவது அது. மேலும் வினா எய்ட்ஸைப் பற்றிக் கேட்கிறது, சோதனை எச்.ஐ.வி. தொற்றைக் காட்டுகிறது. தொற்று ஏற்பட்டபின், சிகிச்சை பெறாதவரிடத்தும் எய்ட்ஸ் நிலை தோன்றப் பல ஆண்டுகள் ஆகலாம். அந்த ஆண்டுகளில் அவர் நலமாகவே தோன்றுவார்; பரவல் பெரிதும் நிகழ்வதும் அக்காலத்தில்தான். எனவே பரிசோதனைக்கு அழைக்கும் வினா ‘வருமா’ அன்று, ‘வந்திருக்குமா’ என்பதே. ‘இரு’ என்னும் துணைவினை இங்குச் செய்யும் பணி பெரிது. முடிந்த செயலின் பயன் இன்று நிலவுவதையும், பேசுவோர் அதை நேரில் காணாமல் உய்த்துணர்வதையும் அது ஒருசேரக் குறிக்கிறது. தெலுங்கிலும் ‘வச்சி உண்டுந்தா’ என இதற்கு நிகரான அமைப்பு உண்டு. இரு திராவிட மொழிகளும் தம் இலக்கணத்திலேயே தயாராக வைத்திருந்த ஒரு கருவியை, இந்தியிலிருந்து வந்த வார்ப்பு பயன்படுத்தாமல் விட்டது. ‘புள்ளிராஜாவுக்கு வந்திருக்குமா?’ என்று பலகை கேட்டிருந்தால் அது அத்தனை வேடிக்கையாக இருந்திருக்காது. ஆனால் வீடு திரும்பும் ஓட்டுநர் ஒருவர் தம்மைப் பற்றி ஒருமுறையேனும் அவ்வாறு எண்ணியிருக்கக்கூடும்.

பெயர்களில் ஒளிந்திருப்பவை

நோய்களின் பெயர்கள் குறித்துச் சுருக்கமாகக் கூறலாம். மேகம், வெட்டை, கிரந்தி என்னும் மரபுப் பெயர்கள் மருத்துவ நூல்களிலும் ஊர் வழக்கிலும் நெடுங்காலம் வழங்கியவை. பறங்கிப்புண் என்னும் பெயர் நோயை அந்நியன் தலையில் ஏற்றிவைத்தது. ஐரோப்பிய நாடுகள் ஒன்று மற்றொன்றின் பெயரால் இந்நோயை அழைத்த வரலாற்றை அறிந்தோர்க்கு இதில் வியப்பில்லை. தெலுங்கில் இன்றும் பரவலாக வழங்குவது ‘சுகவியாதி’. தெலுங்குச் செவிக்கு இது இன்பத்தால் வந்த நோய். தமிழ்ச் செவிக்கோ ‘சுகம்’ உடல்நலத்தையும் குறிப்பதால், இது நலமான நோய் என்னும் முரணாகவும் ஒலிக்கிறது. எல்லைப்புறத்தில் பணியாற்றுவோர் இத்தகைய ஒலிப்பொருத்தங்களை மனத்தில் கொள்ள வேண்டும்.

தமிழகத்தில் நிலைபெற்ற ‘பால்வினை நோய்’ நல்ல ஆக்கமே. நாகரிகமானது, பொருள் விளங்குவது. எனினும் இதன் இரு உறுப்புகளும் இருபொருள் உடையவை. ‘பால்’ என்பதற்கு ஊழ் என்னும் பொருளும் பழந்தமிழில் உண்டு. ‘வினை’ செயலையும் குறிக்கும், முன்வினைப் பயனையும் குறிக்கும். ‘அவன் வினை, அனுபவிக்கிறான்’ என்று சொல்லும் சமுதாயத்தில் ‘வினை’ சேர்ந்த நோய்ப்பெயர் தண்டனையின் சாயலைப் பெறாமல் தப்புவது கடினம். கருவிலேயே தொற்றுக்கு உள்ளான குழந்தையையும், கணவனையன்றி வேறொருவரை அறியாத மனைவியையும் இப்பெயரால் சுட்டும்போது அச்சாயல் கொடுமையாகிறது. பெயரை மாற்ற வேண்டும் என்பது இக்கட்டுரையாளர் கருத்து அன்று. பழகிய பெயரை மாற்றுவது எளிதும் அன்று. அப்பெயருக்கு அருகில் ‘வந்தது’, ‘செய்தது’ போன்ற எந்த வினையை அமைக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும், அவ்வளவே.

‘பொறுப்பு’ என்னும் சொல்லையும் இவ்விடத்தில் நோக்கலாம். ‘பொறு’ என்பது சுமத்தல், மன்னித்தல் ஆகிய இரண்டிற்கும் உரியது. தெலுங்கில் இதற்கு ஈடாக வழங்கும் ‘பாத்யத’ வடசொல். அதே சொல் ஆவணத் தமிழில் ‘பாத்தியதை’ என்றாகி உரிமை எனப் பொருள்படுகிறது. நிலப் பத்திரம் எழுதிப் பழகிய தமிழர் ஒருவர் ‘இதி மன பாத்யத’ என்னும் தெலுங்குத் தொடரைத் தம் மொழிவழியே கேட்டால், ‘இது நம் கடமை’ என்பது ‘இது நம் உரிமை’ என மாறிக் கேட்கும். பரிசோதனையைப் பொறுத்தவரை இந்தப் பிழைக்கேட்பு முற்றிலும் தவறானதும் அன்று.

‘செய்துகொள்’, ‘செய்வித்துக்கொள்’, ‘பார்த்துக்கொள்’

தெலுங்குச் சுவரொட்டியில் ‘பரீக்ஷ சேயிஞ்சுகோண்டி’ எனும் ஏவல் வழங்குகிறது. இவ்வினையில் மூன்று அடுக்குகள் உள்ளன: செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், அதன் பயன் தன்னைச் சேர்தல். ஆய்வகத்தில் நிகழ்வதை இதைவிடச் சரியாகச் சொல்ல இயலாது. கன்னடத்திலும் ‘மாடிசிகொள்ளி’ என இவ்வாறே கூறுவர். தமிழ்ச் சுவரொட்டியோ ‘பரிசோதனை செய்துகொள்ளுங்கள்’ என்கிறது. பிறவினை விகுதி தமிழில் முற்றிலும் அழியவில்லை. ஆனால் ‘செய்வித்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதினால் அது கல்வெட்டுப் போல் இருக்கும். பிறவினை உறுப்பு நீங்கியதால் தமிழ்த் தொடரில் சோதனையைச் செய்யும் செவிலியரும் ஆய்வகமும் மறைந்துவிட, மனிதர் தனியராகத் தம்மைத்தாமே சோதித்துக்கொள்பவராகிறார். பேச்சுத்தமிழ் இக்குறையை வேறு வழியில் தீர்த்துக்கொண்டது. ‘டெஸ்ட் எடு’, ‘ரத்தம் பார்’ என்பன மக்கள் வழக்கு. ‘சர்க்கரை பார்த்தீங்களா?’ என்று கேட்பது போலவே ‘ரத்தம் பார்த்தாச்சா?’ என்றும் கேட்கலாம். அதில் அச்சமோ இழிவோ இல்லை.

இந்தப் ‘பார்’ என்னும் வினை ‘கொள்’ என்பதோடு சேரும்போது தோன்றும் பொருள்வளம் மொழிபெயர்ப்பாளர் கவனத்திற்குரியது. ‘பார்த்துக்கொள்’ என்பது சோதித்து அறிந்துகொள்வது. ‘உடம்பைப் பார்த்துக்கொள்’ என்னுமிடத்தில் பேணுவது. ‘அம்மாவைப் பார்த்துக்கொள்’ என்னுமிடத்தில் ஒருவர் பொறுப்பை ஏற்பது. ‘பார்த்துக்கொள், பள்ளம் இருக்கிறது’ என்னுமிடத்தில் எச்சரிக்கை. அறிதல், பேணல், பொறுப்பேற்றல், எச்சரித்தல் ஆகிய நான்கையும் ஒரே வினை தாங்குகிறது. மேலே குறிப்பிட்ட இரு கரைகளுக்கும் இடையே உள்ள மூன்றாம் வழி இதுவே எனலாம். ‘நாம் இருவரும் ரத்தம் பார்த்துக்கொள்வோம்’ என்னும் தொடரில் பழி இல்லை, விலகலும் இல்லை. ‘நாம்’ என்னும் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை கேட்பவரையும் தன்னுள் அடக்குகிறது. தெலுங்கின் ‘மனம்’ போன்றது இது. ஆங்கிலத்திற்கும் இந்திக்கும் இவ்வேறுபாடு இல்லை என்பதால், அம்மொழிகளில் எழுதப்பட்ட மூலத்தை முன்வைத்துப் பெயர்ப்பவர் இதைத் தேடிப்போகாமலே இருந்துவிடுகிறார்.

கணவனைப் பெயர் சொல்லி அழைத்து ‘உன் சோதனை முடிவை எனக்குச் சொல்வாயா?’ என மனைவி கேட்பதாக ஆங்கில மாதிரி உரையாடலை அப்படியே பெயர்த்தால், நாயுடுபேட்டையில் தெலுங்குப் பெண்ணும் சிரிப்பாள், தமிழ்ப் பெண்ணும் சிரிப்பாள். ‘ஏமண்டி’ என்றும் ‘என்னங்க’ என்றும் அழைத்துப் பழகிய வாய் அந்த வினாவை எழுப்ப வேறு வழியைத் தேடும். ‘நம்ம ரெண்டு பேரும் ஒரு தடவை ரத்தம் பார்த்துக்கலாங்க’ என்பது அத்தகைய வழிகளுள் ஒன்று.

முடிவைக் கூறும் சொற்களிலும் தடுமாற்றம் உண்டு. ‘நேர்மறை’ எனும் கலைச்சொல் அன்றாடத் தமிழில் நல்லது என்னும் பொருளைப் பெற்றுவிட்டது. ‘எதிர்மறை’ தீயது ஆகிவிட்டது. தொற்று உள்ளவர் ‘நேர்மறை’ என்று கேட்டு மகிழ்ந்தால் பிழை அவருடையது அன்று. 2020இல் பரவிய கொரோனா நோய் ‘பாசிட்டிவ்’ என்னும் சொல்லின் மருத்துவப் பொருளைச் சிற்றூர்வரை கொண்டு சேர்த்தது. ஆயினும் ‘தொற்று இருக்கிறது’, ‘தொற்று இல்லை’ என்பனவே நேரானவை. சோதனையில் தொற்று இன்னும் புலப்படாத தொடக்க வாரங்களைச் ‘சாளரக் காலம்’ என எழுதுவது மற்றொரு விந்தை. சாளரம் வழியே வெளியில் இருப்பது தெரியும். இங்கோ எதுவும் தெரிவதில்லை. மூலத்திலேயே விளங்காத உருவகத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததன் விளைவு இது. ‘சோதனையில் தெரியாத காலம்’ என்று எழுதினால் என்ன குறை? தொற்றுக்கு வாய்ப்பான நிகழ்வுக்குப்பின் உடனே சோதித்து, ‘இல்லை’ என்ற விடையை நம்பி, மூன்று மாதத்திற்குப் பின் மீண்டும் சோதிக்காமல் இருந்துவிடுபவர் இந்தச் சாளரத்தின் வழியேதான் வழுக்கி விழுகிறார்.

சொல்லாமல் நிகழ்ந்த முதற்சோதனை

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்ட வரலாறு இந்நிலப்பகுதிக்கு அண்மையிலேயே நிகழ்ந்தது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்ற செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், பாலியல் தொழிலில் ஈடுபட்டதாகக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் இரத்த மாதிரிகள் திரட்டினார். அவற்றை எடுத்துக்கொண்டு இரயிலில் காட்பாடி சென்று, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் தொற்று புலப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் அன்றைய சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே இச்செய்தியைச் சட்டப் பேரவையில் அறிவித்தார். எந்த நோயைத் தேடுகிறோம் என்பதை அப்பெண்களிடம் தாம் சொல்லவில்லை என்றும், வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் எண்ணியிருந்தனர் என்றும் நிர்மலா பிற்காலத்தில் ஒளிவின்றிக் கூறியுள்ளார். அக்காலத்தில் அவ்வாறே செய்தனர். இளம் ஆய்வாளர் ஒருவரைக் குறை கூறுவது இங்கு நோக்கம் அன்று. ஆயினும் அமைச்சர் பேரவையில் சொன்ன செய்தி, அச்செய்திக்கு உரியவர்களின் இசைவைக் கேளாமலே பிறந்தது என்பது நினைவில் இருக்க வேண்டியது. சோதனைக்கு முன் சொல்லுதல், சோதனைக்குப் பின் சொல்லுதல் ஆகிய இரண்டிற்கும் அன்று தமிழில் வழக்கே ஏற்பட்டிருக்கவில்லை.

பின்னர் ஏற்பட்டது. இசைவு, ஒப்புதல், சம்மதம் ஆகிய மூன்று சொற்கள் போட்டியிட்டன. ஆலோசனை வழங்குபவரை ‘ஆற்றுப்படுத்துநர்’ எனச் சிலர் வழங்கியது பழந்தமிழ் ஆற்றுப்படையை நினைவூட்டும் அழகிய ஆக்கம். பெற்றவர் பெறாதவரை வழிப்படுத்துவது என்னும் பொருள், தொற்றுடன் வாழ்வோரே ஆலோசகராகப் பணியாற்றும் இன்றைய நடைமுறைக்கும் பொருந்துகிறது. இலங்கைத் தமிழர் ‘உளவளத்துணை’ என்பர். தமிழக அரசு மருத்துவமனைகளில் சோதனையும் ஆலோசனையும் சேர்ந்த இடத்திற்கு ‘நம்பிக்கை மையம்’ எனப் பெயரிட்டதும் பாராட்டத்தக்கது. நோய்ப்பெயர் இல்லாத பெயர் அது. ‘நம்பிக்கை’ என்பது எதிர்காலத்தின் மேல் வைப்பது மட்டுமன்று, சொன்னதை வெளியிடார் என்று ஒருவர்மேல் வைப்பதும் ஆகும்.

ஒரே சொல்லில் இரு செயல்கள்

இனி மூன்றாவது செயலாகிய ‘சொல்லுதல்’. இதுவே மிகவும் சிக்கலானது. சட்டமும் இங்குதான் மொழியோடு மோதுகிறது.

1998 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், பெயர் மறைக்கப்பட்ட மருத்துவர் ஒருவர், சென்னை மருத்துவமனையொன்றில் இரத்தம் கொடுக்கச் சென்றபோது தம்மிடம் காணப்பட்ட தொற்று பிறருக்குத் தெரியவந்ததால் தம் திருமணம் நின்றுபோயிற்று என முறையிட்டார். மணமகளாக இருந்தவரின் நலனைக் காக்க அச்செய்தி தெரியவந்தது குற்றமாகாது என நீதிமன்றம் கூறியது. அதோடு நில்லாமல், தொற்றுடையவரின் மணம்புரியும் உரிமை நிறுத்திவைக்கப்பட்ட உரிமை என்றும் கூறியது. மணவுரிமை பற்றிய அக்கருத்துகள் அவ்வழக்கிற்குத் தேவையற்றவை என 2002 டிசம்பரில் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் சோதனைக்குச் செல்லத் தயங்கியோர் எத்தனை பேர் என்று எவராலும் கணக்கிட இயலாது.

மறுபுறத்தையும் காண வேண்டும். மணத்திற்கு முன்பே தம் நிலையை அறிந்திருந்த கணவர் அதைத் தம்மிடம் சொல்லவில்லை என்பதைப் பி. கௌசல்யா பொதுவெளியில் கூறியவர். 1998இல் சென்னையில் தொற்றுள்ள பெண்களுக்கான அமைப்பைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர். ஒரு மருத்துவரின் மறைக்கும் உரிமையும் ஒரு மனைவியின் அறியும் உரிமையும் ஒரே காலத்தில், ஒரே நகரத்தில் வெளிப்பட்டன.

2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் இவ்விரண்டையும் இணைக்க முயன்றது. ஆங்கில மூலத்தில், மருத்துவமனை மூன்றாமவரிடம் செய்தியைக் கசியவிடுவது, ஆலோசகர் துணைவரிடம் கூறுவது ஆகிய இரண்டிற்கும் ஒரே சொல் ஆளப்படுகிறது. அதே பொருளைப் பேச்சு வழக்கில் நோயாளி தாமே தம் துணைவரிடம் சொல்வதற்கும் விரிப்பர். கலைச்சொல் ஒருமை பேணும் மொழிபெயர்ப்பாளர் எல்லா இடத்தும் ‘வெளிப்படுத்துதல்’ என்று எழுதத் துணிவார். தமிழிலோ இவை வெவ்வேறு செயல்கள். பிறர் செய்தியைப் பரப்புவது ‘வெளியிடுவது’; உரியவரிடம் முறையாகக் கூறுவது ‘தெரிவிப்பது’; தன்னுடையதைத் தன்னவரிடம் கூறுவது ‘சொல்வது’. ‘மனைவியிடம் வெளிப்படுத்தினான்’ என்றால் குற்ற ஒப்புதல் போல் ஒலிக்கிறது. ‘மனைவியிடம் சொன்னான்’ என்றால் அவர்கள் இருவருக்கிடையே நிகழ்ந்ததாகிறது. கலைச்சொல் ஒருமை இங்கு நற்பண்பு ஆகாது.

‘துணைவர்’ என்பதற்கும் இது பொருந்தும். கணவன், மனைவி, மணம் போன்ற உறவில் இணைந்து வாழ்பவர் ஆகியோரைச் சட்டம் இச்சொல்லால் குறிக்கிறது. தெலுங்கில் ‘பாகஸ்வாமி’ என்பர். வணிகக் கூட்டாளிக்கும் அதுவே. அதனை உறுப்புறுப்பாகத் தமிழாக்கினால் ‘பங்காளி’ கிடைக்கும். பங்காளியோடு மணவுறவே கூடாது என்பது தமிழர் அறிந்தது!

இச்சட்டத்தின் பத்தாம் பிரிவை மொழிபெயர்ப்போர் ஒவ்வோர் இடைச்சொல்லையும் எடைபோட வேண்டும். தன் நிலையையும் தொற்று பரவும் முறையையும் அறிந்தவர், பிறருக்குப் பரவாமல் தடுக்கத் தக்க முன்னெச்சரிக்கைகளை எடுத்தாக வேண்டும் என்பது கட்டளை. இடர் குறைக்கும் வழிகளைக் கைக்கொள்வது ‘அல்லது’ உறவுக்கு முன்பே தன் நிலையைச் சொல்வது ஆகியன அம்முன்னெச்சரிக்கைகளில் அடங்கலாம் என்பது விளக்கம். இந்த ‘அல்லது’ தமிழில் ‘மற்றும்’ ஆகிவிட்டால், ‘அடங்கலாம்’ என்பது ‘அடங்கும்’ ஆகிவிட்டால், சொல்லாதவர் அனைவரும் சட்டத்தை மீறியவர் ஆகிவிடுவர். நடைமுறையில் இது சிறு வேறுபாடு அன்று. உரிய கூட்டு மருந்தை முறையாக உட்கொண்டு, இரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய இயலாத நிலையை அடைந்து அதில் நிலைத்திருப்பவரிடமிருந்து உடலுறவின் வழியே தொற்று பரவுவதில்லை என்பது இன்று நிறுவப்பட்ட உண்மை. இதற்கு அடித்தளமிட்டு 2011இல் முடிவு வெளியான பன்னாட்டு ஆய்வில் சென்னையின் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனமும் பங்கேற்றது. ஆக, மருந்து உண்பதும் ஒரு முன்னெச்சரிக்கை; ‘அல்லது’ அதற்கு இடமளிக்கிறது.

இப்பிரிவின் விதிவிலக்கு இன்னும் முக்கியமானது. தன் நிலையைச் சொல்வதால் அடி உதை, கைவிடப்படல், தனக்கோ தன் குழந்தைகளுக்கோ கடுந்தீங்கு நேரும் என்று ஒரு பெண் நியாயமாக அஞ்சினால், உடலுறவு வழிப் பரவல் குறித்த இக்கடமை அவளைக் கட்டாது. அத்தகைய பெண்ணின் துணைவரிடம் மருத்துவரும் சொல்லக் கூடாது என ஒன்பதாம் பிரிவு விலக்குகிறது. கருவுற்ற பெண்களுக்கு வழக்கமாகச் சோதனை நடைபெறுவதால், பல குடும்பங்களில் முதலில் அறியவருபவள் மனைவியே. தொற்று கணவனிடமிருந்து வந்திருப்பினும், முதலில் அறிந்தவளே முதலில் கொண்டுவந்தவளாகப் பழிக்கப்படுகிறாள். ‘நீதானே முதலில் சொன்னாய்’ என்பது ‘உனக்குத்தானே முதலில் வந்தது’ என்றாகிவிடுகிறது. சட்டம் இதை அறிந்தே விதிவிலக்கை வகுத்தது. ‘நியாயமான அச்சம்’ என்னும் தொடரைச் சுருக்கக் கையேடுகளில் இடமின்மை கருதி விட்டுவிடும் மொழிபெயர்ப்பாளர், அவளைக் காக்கும் ஒரே வரியை விட்டுவிடுகிறார். ஐந்தாறு சொற்கள், அச்சிட ஒரு வரிகூட ஆகாது.

ஒன்பதாம் பிரிவு மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் தரும் இசைவை ‘சொல்லலாம்’ எனப் பெயர்ப்பர். தமிழில் ‘-லாம்’ இசைவையும் குறிக்கும், இயலக்கூடியதையும் குறிக்கும், ‘போகலாம் வா’ என அழைப்பையும் குறிக்கும். ஆலோசனை வழங்கிய பின்னும் நோயாளி சொல்லப்போவதில்லை எனத் தெளிந்து, தாம் சொல்லப்போவதை அவருக்கு முன்கூட்டி அறிவித்த பிறகே இந்த இசைவு பிறக்கிறது. ஆகவே ‘இந்நிபந்தனைகள் நிறைவேறிய பின்னரே சொல்வதற்கு அனுமதி உண்டு’ என விரித்தெழுதுவதே தக்கது. நீளமானது என்பர். சட்டத் தமிழில் நீளத்தைவிட ஐயம் கேடு.

இடக்கரடக்கலின் எல்லை

இத்துறையில் தமிழ் தயங்குவதற்கு நம் நாகரிகமே காரணம் என்று சிலர் கூறுவர். அவையில் கூறத்தகாததை மறைத்துக் கூறுதல் தொல்காப்பியம் தொட்டு வரும் மரபு. நன்னூலார் இடக்கரடக்கலைத் தகுதி வழக்கினுள் வைத்தார். ஆனால் தொல்காப்பியர் அவ்விதியை அடுத்தே மற்றொன்றும் கூறினார்: வழக்கில் பழகி நிலைத்துவிட்ட சொற்களை மறைக்க வேண்டியதில்லை. மறைத்தலுக்கு எல்லை வகுத்த இந்த இரண்டாம் விதியை நம் பரப்புரையாளர் படித்ததாகத் தெரியவில்லை. ‘தகாத உறவு’, ‘தவறான நடத்தை’ என எழுதினர். எது உறவு, எது நடத்தை என்று சொல்லவில்லை. ஆணுறை என்னும் தெளிவான சொல் வந்த பின்னும் அதைச் சுற்றி வளைத்தே பேசினர். ‘தகாத’ என்னும் அடைமொழி இடக்கரை அடக்கவில்லை; ஒரு தீர்ப்பை நுழைத்தது. தன் உறவு தகாதது அன்று என்று எண்ணும் எவரும், அதாவது மணமான பெண்கள் அனைவரும், அத்தொடரைப் படித்துத் தமக்குச் சோதனை தேவையில்லை என முடிவு செய்வர்.

இரகசியம் என்னும் சொல்லும் இத்தகையதே. ‘உங்கள் முடிவு இரகசியமாக வைக்கப்படும்’ என்னும் உறுதிமொழி நல்ல நோக்கமுடையது. ஆனால் ‘இரகசிய நோய்’ எனச் சுவரெங்கும் விளம்பரம் எழுதும் போலி மருத்துவர்களின் சொல்லும் அதுவே. தெலுங்கில் வழங்கும் ‘கோப்யத’ என்பதன் வடமொழி வேருக்கு மறைத்தல், காத்தல் ஆகிய இரு பொருளும் உண்டு. தமிழில் இரண்டாம் பொருளைத் தனியே எடுத்து, ‘உங்கள் சோதனை முடிவை உங்களிடம் மட்டுமே சொல்வோம், உங்கள் இசைவின்றி மற்றவரிடம் சொல்லமாட்டோம்’ என வினைத்தொடராக எழுதினால், யார் சொல்லமாட்டார் என்பது எழுவாயோடு விளங்கும். ஒன்பதாம் பிரிவின் விதிவிலக்கையும் அதே தாளில், அதே எளிமையில் சேர்த்து அச்சிட வேண்டும். நெடுஞ்சாலை ஊர்களில் வழங்கும் தாள்களைத் தமிழ் ஒருபுறமும் தெலுங்கு மறுபுறமுமாக அச்சிட்டு, ஒருபுறத்தை மற்றதன் மொழிபெயர்ப்பாகக் கொள்ளாது, இரண்டையும் தனித்தனியே எழுதச் செய்து, பின்னர் இரு மொழியும் அறிந்த ஓட்டுநர்களிடமும் அவர்தம் மனைவியரிடமும் படித்துக் காட்டிப் பார்ப்பது, மொழிபெயர்ப்புத் துறையினர் சுகாதாரத் துறையோடு சேர்ந்து மேற்கொள்ளக்கூடிய பணியாகும்.